மார்கழிக் கடைசியில் பிறந்தவன்

என் மகன் மார்கழி மாதம், அதுதான் டிசம்பர், முப்பதாம் திகதி நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்ட் ஆஸ்பத்திரியில் பிறந்தான். இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் புதுவருடத்துப் பிள்ளையாகியிருப்பான் என்று தாதி சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த இரண்டு நாளுக்காக ஒஸ்லோவில் ஒரு பனி மண்டபத்து வாசலில் நின்று நான் ஒரு மனிதனோடு மல்லுக்கட்டுவேன் என்று அப்போது யார் கண்டது.

என் கணவர் அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருடைய பாஸ்போட்டில் பிறந்த நாள் தை, அதுதான் ஜனவரி, முதலாம் திகதி. உண்மையில் ஆடி மாதத்து மனிதர். அகதியாக வந்து இறங்கியபோது கையில் ஒரு கடதாசியும் இல்லை. பதிந்த உத்தியோகத்தர் வருடத்தை எழுதிவிட்டு மிச்சத்துக்குத் தை ஒன்று என்று போட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் பலருக்கு இந்தக் கதைதான். புதுவருடத்தன்று யாருக்கு வாழ்த்துச் சொல்வது என்று தெரியாமல் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொள்வோம்.

மகன் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒஸ்லோவுக்கு வந்தோம். அவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ட்ராம் ஓட்டப் பழகினேன். அதுவரை வீட்டில் மட்டும் கேட்ட என்னுடைய சத்தம் பிறகு தண்டவாளத்தில் கார் நிறுத்துகிறவர்களுக்கும் கேட்டது.

ஒரு குளிர்காலம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பனி மண்டபத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அன்றைக்கு வந்து சாப்பாட்டைத் தொடாமல், "அம்மா, நான் ஹொக்கி விளையாடப் போறன்" என்றான். சதுரங்கம் பழகு, வயலின் பழகு என்று நான் கெஞ்சிக்கொண்டிருந்த பிள்ளை. எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்னக் கழகம் இருந்தது. சறுக்குச் சப்பாத்து, தலைக்கவசம், மட்டை எல்லாம் இரவலாகத் தந்தார்கள். சரி, இரண்டு தரம் விழுந்தால் தானாக விட்டுவிடுவான் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

விழுந்தான். எழும்பினான். திரும்ப விழுந்தான். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு தரம் விழாமல் அந்தப் பக்கம் வரைக்கும் போனான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கால் ஊன்றி நடக்கவே நான் பயப்படுகிற ஐஸில், என் வயிற்றில் பிறந்தது பறந்துகொண்டு போகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வீட்டில் வந்து, "கால் முறியாமல் வந்தது கடவுள் புண்ணியம்" என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நாளில் அவன் மற்றப் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாய்க்குத் தெரியாதா? பக் என்கிற அந்தக் கறுப்பு இறப்பர் வட்டு எங்கே போகும் என்று அவனுக்கு முதலே தெரியும். ஆனால் போட்டியில் என்ன நடக்கும் என்றால், ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் மண்டபத்தில் ஊதல் ஒலிக்கும். ஒலித்ததும் ஐஸில் நிற்கிற எல்லோரும் வாங்கில், அந்த ஓரத்து நீள இருக்கையில், போய் இருக்க, வாங்கில் இருந்த எல்லோரும் இறங்க வேண்டும். கெட்டிக்காரனுக்கும் ஒரு நிமிடம், நிற்கவே தெரியாதவனுக்கும் ஒரு நிமிடம். என் மகன் வட்டைக் கொண்டு கோலுக்குக் கிட்டப் போயிருப்பான், ஊதல் ஒலிக்கும், வட்டை விட்டுவிட்டு வருவான். எத்தனை கோல் என்று எழுதவும் மாட்டார்கள். யார் முதலாம் பிள்ளை என்று கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நான் வளர்ந்த ஊரில் ஐந்தாம் வகுப்பிலேயே பிள்ளையைப் புலமைப்பரிசில் பரீட்சையால் சலித்து எடுத்துவிடுவார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று அப்பாமார் ரியூசனுக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதுதான் எனக்குத் தெரிந்த உலகம். இங்கே முளையைப் பார்க்கவே மாட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்களே என்று இருந்தது. கறுப்புப் பிள்ளை என்றபடியால்தான் மடக்குகிறார்கள் என்றுகூட நினைத்தேன். பிறகு பார்த்தால் ட்ரேனரின் சொந்த அக்கா மகனும் ஊதல் கேட்டதும் வாங்குக்கு வந்துவிட்டான்.

ட்ரேனர் என்றால் பயிற்றுநர். இளம் பொடியன், முப்பதுகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் பெரிய கழகத்தில் விளையாடி முழங்கால் போய்விட்டதாம். படியில் ஏறும்போது கைபிடியைப் பிடித்து ஏறுவான், ஐஸில் இறங்கினால் அந்தக் கால் எங்கே போனதென்று தெரியாது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வந்தவன், அவர்கள் வளர வளரக் கூடவே வகுப்பேறி வந்தான். அவனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் டுக்னாட்டில், அதுதான் பெற்றோர் முறைவைத்துக் கழகத்துக்குச் செய்து கொடுக்கிற வேலையில், நான் கன்ரீனில் நின்றால் என்னுடைய மட்டன் ரோல்ஸுக்கு முதலாவதாக வந்து நிற்பவன் அவன்தான். சூடு வாயைப் பொசுக்கினாலும் ஊதி ஊதித் தின்பான்.

இப்போது அந்த இரண்டு நாளுக்கு வருகிறேன். ஹொக்கியில் பிள்ளைகளைப் பிறந்த வருடத்தின்படி சேர்ப்பார்கள். தை முதலாம் திகதி பிறந்தவனும் மார்கழி முப்பது பிறந்தவனும் ஒரே அணி. சின்ன வயதில் அது பெரிதாகத் தெரியவில்லை. பதின்மூன்று, பதினான்கு ஆனதும் மற்றப் பொடியன்கள் பொங்குகிற பால் மாதிரி எழும்பினார்கள். குரல் உடைந்தது, தோள் விரிந்தது. என்னுடையவன் அப்படியே நின்றான். யாராவது முட்டினால் தடுப்பில் போய் விழுவான்.

பதினைந்து வயதில் பெரிய கழகம் வந்து பிள்ளை பொறுக்கும். நகரத்தில் உள்ள சின்னக் கழகங்களுக்கெல்லாம் அவர்களுடைய ஆட்கள் வந்து, பார்த்து, வேண்டியவர்களைத் தங்களுடைய இளையோர் அணிக்கு எடுப்பார்கள். அங்கே போனால்தான் பிறகு சம்பளத்துக்கு விளையாடலாம், சுவீடனுக்குப் போகலாம், அமெரிக்கக் கழகங்கள் வருடத்துக்கு ஒரு தரம் உலகமெல்லாம் பொடியன்களைத் தெரிந்தெடுக்கிற அந்த ட்ராஃப்டில் பெயர் வரலாம் என்று பெற்றோர் கதைப்பார்கள். என் மகனுக்கு வேறு ஆசையில்லை. பல் மினுக்கும்போதும் ஹொக்கிதான். எனக்கு எப்போது அந்த ஆசை தொற்றியதென்று தெரியாது. சனிக்கிழமை கல்யாண வீடுகளை விட்டுவிட்டுக் குளிரில் குந்தியிருக்கிறவள் ஆசையில்லாமலா இருப்பாள்?

அன்றைக்கு வேலை முடிந்து வந்தபோது அவன் சப்பாத்தைக் கழற்றாமல் படியில் இருந்தான்.

"எடுத்தவங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"என்னவாம்?"

"சின்னனாம்."

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று தண்ணீரைத் திறந்துவிட்டான்.

அடுத்த நாள் ட்ராம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது பொறி தட்டியது. எடுபட்ட பொடியன்களுடைய பிறந்த நாள் கேக் எல்லாம் நான் தின்றிருக்கிறேன். எல்லாக் கேக்கும் தையிலும் மாசியிலும் பங்குனியிலும். அந்த மாதங்களில் சனி ஞாயிறு பரிசு வாங்கி எனக்குக் களைத்துப்போகும். சித்திரைக்குப் பிறகு பிறந்தவன் ஒருத்தன்கூட எடுபடவில்லை. கெட்டித்தனத்தையா எடுத்தார்கள், பிறந்த மாதத்தையல்லவா எடுத்திருக்கிறார்கள். பின்னாலே ஒருவர் மணி அடிக்கும் வரைக்கும் தரிப்பிடத்தில் கதவைத் திறக்காமலே இருந்தேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தை ஒண்டு சும்மா கிடக்கு. பொடியனுக்கு எடுத்துக் குடும்" என்றார்.

"பகிடிக்கு நேரம் பாத்தியளே."

"பகிடியில்லையப்பா. எனக்கு அது என்னத்துக்கு? நான் தபால் பிரிக்கிறவன்."

எனக்கு ஒரு வழி தெரிந்தது. எங்கள் ஊரில் உயர்தரப் பரீட்சையில் முதல் தரம் காணாவிட்டால் இரண்டாம் தரம் எடுப்பார்கள், மூன்றாம் தரமும் எடுப்பார்கள். என் அண்ணா மூன்றாம் தரத்தில்தான் பொறியியலுக்குப் போனவர். அதில் ஒரு வெட்கமும் இல்லை. அப்படியே மகனையும் ஒரு வருடம் கீழே விட்டால், அடுத்த வருடத்துப் பொடியன்களோடு நின்று திரும்பப் பரீட்சை எடுப்பான். அந்த அணியில் தையில் பிறந்தவனைவிட இரண்டே நாள்தான் மூப்பு. இதைவிட நியாயமான காரியம் உண்டா?

மண்டப வாசலில் ட்ரேனரைப் பிடித்தேன். மட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என் மகன் இந்த வருடத்தைத் திரும்பச் செய்யட்டும்" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அண்ணாவின் கதை தொடங்கி மூன்றாம் தரம் வரைக்கும் சொன்னேன். கேட்டான். சிரிக்கவில்லை, அதற்காக அவனுக்கு நன்றி.

"இங்கே அவன் ஒன்றிலும் தவறவில்லையே. தவறாததைத் திரும்பச் செய்வது எப்படி?" என்றான்.

"எடுபடவில்லையே. அது தவறினதில்லையா?"

"அது அவர்கள் எடுத்த முடிவு. அவனுக்கு உடம்பு வரும். எப்போது என்று எனக்குத் தெரியாது. அது வரும்வரைக்கும் உடம்பில்லாமல் விளையாடப் பழகட்டும். கீழே விட்டால் அவன் பெரியவனாக நின்று பழகிவிடுவான், அது கூடாது. நான் அவனை ஒரு வருடம் மேலே விடப் போகிறேன்."

"மேலேயா? அங்கே எல்லாம் எருமை எருமையாக நிற்கிறார்கள். பிள்ளையைச் சாக்கொல்லப் போகிறாயா?" என் குரலுக்கு உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் மட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கைபிடியைப் பிடித்துப் படியேறிப் போய்விட்டான். விசர் பிடித்தவன் என்று தமிழில் பேசிவிட்டு நானும் வந்துவிட்டேன்.

முதல் சில மாதங்கள் நான் கண்ணைத் திறந்து பார்த்தது குறைவு. தடுப்பில் மோதுகிற சத்தம் கேட்டால் என் பிள்ளைதான் என்று தெரியும். உடம்பெல்லாம் கண்டல். கணவர் சித்தாலேப தைலம் எடுத்துப் பூசிவிடுவார். "விட்டிடு ராசா" என்று நான் சொன்னால், "நாளைக்கு ட்ரேனிங் அம்மா, எழுப்பிவிடுங்கோ" என்பான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கண்டேன். அவனைவிட இரண்டு மடங்கு இருந்த ஒருத்தன் நேராக இடிக்க வந்தான். நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இவன் ஓடவில்லை, நிற்கவுமில்லை. வருகிறவனுடைய தோள் திரும்புவதற்கு ஒரு கணம் முன்னாலே, வட்டை அவனுடைய கால்களுக்கிடையால் தள்ளிவிட்டு, தான் மற்றப் பக்கத்தால் போனான். இடிக்க வந்தவன் வெறும் தடுப்பில் போய்ச் சாத்துப்பட்டான். இவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. அங்கே ஒரு இடைவெளி வரும் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ட்ரேனர் சொல்லிக்கொடுக்கவில்லை, அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அது நடந்தது, ஒவ்வொரு தரமும் வேறு விதமாக. கோயிலில் திரை விலகும்போது தன்னையறியாமல் கை கூப்புவோமே, அப்படி என் கை கூம்பிவிடும். குளிருக்குத் தேய்ப்பதுபோலச் சமாளித்துக்கொள்வேன்.

உடம்பு பதினேழில் வந்தது. ஒரே கோடையில் எல்லாக் காற்சட்டையும் கட்டையாகிவிட்டது. அந்த வருடம் நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னர், பெரிய கழகத்தின் ஆள் எங்கள் வீட்டுக்கே வந்தான். சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, சாமிப்படத்துக்குக் கீழே உள்ள கதிரையில் ஒப்பந்தத்தோடு இருந்தான். மரியாதையான மனிதன்தான், நான் வைத்த ரோல்ஸையும் தேத்தண்ணியையும் தட்டவில்லை. புதுவருடத்துக்கு முன்னர் பதிய வேண்டும் என்றான். அவன் வயதுப் பொடியன்களுக்கெல்லாம் பதினெட்டு ஆகிவிட்டது, அவர்கள் தாங்களே கையெழுத்து வைத்துவிட்டார்கள். என் மகனுக்குத்தான் இன்னும் ஆகவில்லை. பெற்றவர்கள் வைக்க வேண்டும்.

கனவு கண்ட கடதாசி மேசையில் கிடக்கிறது. பேனையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அம்மா, போடாதேங்கோ" என்றான் மகன், தமிழில், மெதுவாக.

"என்னடா சொல்லுறாய்?"

"அங்கை போனா ட்ரேனிங்தான், மட்ச் இல்லை. வாங்கிலை இருக்க வேணும். இஞ்சை ஒவ்வொரு கிழமையும் விளையாடுறன். எனக்கு இன்னும் விளையாட வேணும்."

நான் அந்த ஆளிடமே கேட்டேன். "என் மகன் முதல் வருடம் எத்தனை ஆட்டம் விளையாடுவான்?"

அவன் பொய் சொல்லவில்லை. "அநேகமாக ஒன்றும் இருக்காது. பார்த்துப் பழகுவான். அவன் வயதில் ஐந்து பேரை எடுக்கிறோம். ஒருவன் தேறினால் எங்களுக்கு வெற்றி."

"மற்ற நாலு பேர்?"

தோளை உயர்த்திவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான்.

நான் குசினிக்குப் போய் ட்ரேனருக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன செய்வது என்று கேட்டேன். "நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அவன் இல்லாவிட்டால் என் அணி தோற்கும். நான் எதைச் சொன்னாலும் அந்தச் சுயநலம்தான் பேசும்" என்றான். அவ்வளவும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

திரும்பி வந்து மகனுடைய முகத்தைப் பார்த்தேன். அந்த ஆளைப் பார்த்தேன். நாலு பேருக்கு ஒரு தோள் உயர்த்தல். எனக்கு வந்ததே ஒரு கோபம். ஒப்பந்தத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன். "என் பிள்ளை பார்த்துப் பழகத் தேவையில்லை. அவன் பார்த்து முடித்துவிட்டான்" என்றேன். அவன் கோபிக்கவில்லை. ரோல்ஸ் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் கணவர், "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு ஆம்பிளையளுக்கு மட்டும் சொல்லேல்லை" என்றார். வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைத்துவிட்டேனோ என்று எத்தனை நாள் நித்திரையில்லை. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் கண்ட ஆட்கள், "பெரிய கழகம் கேட்டும் விடேல்லையாமே" என்று என் வாயைக் கிண்டினார்கள். பெரிய கழகத்திலிருந்து பிறகு ஒருவரும் வரவில்லை. ஒரு குளிர்காலம் போனது. இன்னொன்றும் போனது. மகன் சின்னக் கழகத்தில், கன்ரீன் வாசம் அடிக்கிற அந்த மண்டபத்தில், ஒவ்வொரு கிழமையும் விளையாடினான். நான் ஒவ்வொரு கிழமையும் போய் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். இவ்வளவு கெட்டித்தனமும் இந்த நாலு சுவருக்குள்ளேயே முடிந்துவிடும், அதற்கு என்னுடைய வாய்தான் காரணம் என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை.

அவனுக்கு இருபது நெருங்குகிற கோடையில், தொலைபேசியை வைத்துவிட்டு வந்தவன், "அம்மா, பெரிய கழகத்தாலை கூப்பிட்டிருக்கினம். வாங்குக்கு இல்லை, முதலாவதா இறங்குற வரிசைக்கு" என்றான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. போய்த் தானே கையெழுத்து வைத்துவிட்டு வந்து, இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். நான் குசினியில் நின்று அழுதேன். இந்த முறை தண்ணீரைத் திறந்துவிட்டது நான்.

முதல் ஆட்டத்துக்கு நானும் கணவரும் போனோம். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அவ்வளவு சனத்துக்கு முன்னால், விளக்கை அணைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விட்டார்கள். எங்கள் நீண்ட பெயரை அறிவிப்பாளர் மூச்சை இழுத்துச் சொல்லி முடித்தார். என் பிள்ளை வெளிச்சத்துக்குள் வந்தான். நான் எதைப் பார்த்தேன், எதைக் கேட்டேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. இது என்னால் ஆன காரியமில்லை, என்னைவிடப் பெரியது என்று மட்டும் தெரிந்தது.

முதல் இடைவேளையில் அன்றைக்கு வீட்டுக்கு வந்த அந்த ஆள் எங்களைத் தேடி வந்து கைகொடுத்தான். நான் அவனுக்கு நன்றி சொன்னேன், பிள்ளையை மறக்காமல் இருந்ததற்கு.

"உண்மையில் நாங்கள் மறந்துவிட்டோம்" என்றான். "அவனுடைய ட்ரேனர்தான் கூப்பிட்டார். இப்போது வந்து பாருங்கள், இனி இவனை நான் வைத்திருந்தால் அது அவனுக்குப் பாவம் என்று சொன்னார். வராவிட்டால் விடமாட்டேன் என்று மூன்று கிழமையாகத் தொலைபேசி எடுத்தார்."

பன்னிரண்டு வருடம். ஊதல் ஊதி வாங்கில் இருத்தி, மேலே விட்டு அடிபட வைத்து, ஒரு தரமும் அவசரப்படாமல் வளர்த்த பிள்ளையை, தன்னுடைய அணி தோற்கும் என்று தெரிந்துகொண்டே தூக்கிக் கொடுத்திருக்கிறான். பெற்ற நான்கூட அப்படிக் கொடுப்பேனா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்லப் பயமாக இருந்தது.

"அவர் வரவில்லையா?" என்று கேட்டேன்.

அந்த ஆள் கீழ் வரிசைகளைக் காட்டினான். அங்கே ட்ரேனர் தனியாக இருந்தான், நோகிற காலை முன்னால் நீட்டிக்கொண்டு. டிக்கெட் எடுத்து வந்திருக்கிறான். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவன் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முன்னால் பார்த்தான்.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. என் மகனுடைய வரிசை விளையாடிவிட்டு வாங்குக்கு வந்தது, வேறு வரிசை இறங்கியது. எதிர்ப்பக்கத்தில் கோல் விழுந்ததோ என்னவோ, மண்டபம் முழுக்க எழும்பிக் கத்தியது. எங்களைச் சுற்றியிருந்த எல்லோரும் எழும்பிவிட்டார்கள். ட்ரேனர் எழும்பவில்லை. அவன் கோலைப் பார்க்கவேயில்லை. தலைக்கவசத்தைத் தூக்கி, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு வாங்கில் இருந்த என் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.